நங்கூரம் இல்லாமல் நின்ற படகு

தேவிபட்டினத்துக் கடலில் ஒரு படகை ஜின் பிடித்து வைத்திருக்கிறதாம். நங்கூரம் போடாமல், கயிறு கட்டாமல், நின்ற இடத்திலேயே நிற்கிறதாம். காற்று அடித்தாலும் நீரோட்டம் இழுத்தாலும் நகர்வதில்லையாம். முஸ்அப்பிடம் அவன் தங்கை சொல்லியிருக்கிறாள். தங்கையிடம், வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மீனம்மாள் சொல்லியிருக்கிறாள். மீனம்மாளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே ஒரு பலசரக்குக் கடை. முஸ்அப் அங்கே வேலை பார்க்கிறான், எங்கள் ஊர்க்காரன், அக்கா முறையில் என்னை லாத்தா என்பான். ஞாயிற்றுக்கிழமை காலை தயிர் வாங்கப் போன என்னிடம் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

“ஜின்னுமில்ல ஒண்ணுமில்ல. அது எங்க வாப்பாவோட போட்டு,” என்றேன்.

“எனக்குத் தெரியாதா லாத்தா? சும்மா வம்புக்கு இழுத்தேன். ஆனா மீனம்மா இன்னொண்ணும் சொல்லுச்சாம். அந்தப் போட்டுப் பக்கம் போனா ரப்பர் கருகுன வாடை அடிக்குதாம். ஜின்ன நெருப்புலேர்ந்துதானே படைச்சது, அந்த வாடையா இருக்கும்னு என் தங்கச்சி சொல்றா.”

சொல்லிக்கொண்டே கல்லாவுக்கு அடியில் குனிந்து, பழுப்பு டேப் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். “மன்னிச்சுக்கங்க லாத்தா. இந்த வாட்டியும் லீவு இல்லைன்னுட்டாங்க. வேற யாராச்சும் ஊருக்குப் போனா குடுத்து விடுங்க.”

ஐந்து வாரமாக அது அங்கேயே கிடந்திருக்கிறது. கருகிய ரப்பருக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் கடையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். தயிரை வாங்காமலே மேலே ஏறி வந்துவிட்டேன்.

வாப்பாவின் பெயர் ஹமீது சுல்தான். இதே ஷார்ஜாவில், படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷம் இருந்தார். வசதியானவர்கள் விடுமுறை நாளில் ஓட்டிப்போகும் சின்னக் கேபின் படகுகளுக்கு மோட்டார் மாட்டுவது வேலை. முன்பக்கம் இரண்டு பேர் முடங்கிப் படுக்கிற அளவுக்கு ஓர் அறை, பின்னால் நான்கு பேர் உட்கார இடம், அவ்வளவுதான் அந்தப் படகு. பெரிய இஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் ஊர்ந்து தூண்டில் போடுவதற்காக, படகின் மூக்கில் பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். நீளமான தண்டு, அதன் நுனியில் தண்ணீருக்குள் மோட்டார், ஒரு விசிறி. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாட்டிலைட் மூலம் இடத்தைக் குறித்துக்கொண்டு, தானே இப்படியும் அப்படியும் திரும்பி, படகை அங்கேயே பிடித்து வைக்கும். நங்கூரம் வேண்டாம்.

அப்படி எத்தனையோ மாட்டியிருக்கிறார். மாட்டியதும் படகைத் துறையில் கயிற்றால் கட்டி வைத்தே ஓட்டிப் பார்ப்பார்கள். படகுக்காரர் வந்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். அவிழ்த்த பிறகு அது கடலில் எப்படி நிற்கும் என்று வாப்பா ஒருநாளும் பார்த்ததில்லை.

பட்டறையில் அவருக்கு ‘பிரேக்கர் பாய்’ என்று பெயர். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில், கரண்ட் மிஞ்சினால் தானே விழுந்து துண்டித்துவிடும் பிரேக்கர் இல்லாமல் ஒரு படகையும் அவர் வெளியே விட்டதில்லை. முதலாளி அவசரப்படுத்தினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாராம்.

ஊர் திரும்பியதும் கொச்சியிலிருந்து பழைய கேபின் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதற்கு என் உம்மாவின் பெயரை எழுதினார்: காலிதா. உம்மா அதில் மயங்கிவிடவில்லை. “இருபத்தாறு வருசம் என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போனாரு. இப்ப காலிதாவோட கடல்ல கெடக்குறாரு. நான் யாருன்னு தெரியல,” என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

கடலுக்குத் துணை இருளாண்டி மாமா. கமுதிக்காரர், பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். இப்போது ஊரில் மிளகாய் விவசாயம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்துவிடுவார். நீச்சல் தெரியாது.

போன வருஷம், பாறையில் சிக்கிய நங்கூரத்தைப் பிடித்து இழுத்ததில் வாப்பாவின் தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. இனிமேல் எதையும் இழுக்கக் கூடாது என்றார் டாக்டர். படகை விற்றுவிடுவது என்று உம்மா முடிவே செய்துவிட்டார். அப்போதுதான் வாப்பா எனக்கு போன் செய்து, கொஞ்சம் கூச்சத்தோடு அந்த மோட்டாரைக் கேட்டார். அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

வாங்கினேன். எட்டாவது வரை ஊரில் தமிழிலும் பிறகு ராமநாதபுரத்தில் இங்கிலீஷிலும் படித்தவள் என்பதால், அதோடு வந்த புத்தகத்தை அவருக்காகத் தமிழில் எழுதவும் செய்தேன். விசிறியில் களை சுற்றினால் மோட்டார் திணறும். திணறினால் கரண்ட் கூடும். பிரேக்கர் இல்லையென்றால் கேபிள் சூடாகி, மேலே உள்ள ரப்பர் கருகித் தீப்பிடிக்கலாம். இதை எழுதியது என் கைதான்.

கார்கோ கடையில் பெட்டியை எடை போட்டபோது இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. வளைகுடாவில் இருக்கிற எவருக்கும் அந்த நிமிஷம் தெரியும். பின்னால் வரிசை நிற்கும். கடைக்காரர் பிளேடோடு காத்திருப்பார். எதையாவது எடுத்தாக வேண்டும். உம்மா பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கக் கேட்டிருந்த பால் பவுடர் டின் இரண்டு இருந்தது. தடித்த கேபிளையும் பிரேக்கரையும் சேர்த்துச் சுருட்டிய பொட்டலமும் இருந்தது. டின்னை எடுத்தால் உம்மா முகம் வாடும். நான் பொட்டலத்தை எடுத்தேன். யாராவது ஊருக்குப் போவார்கள், கையில் கொடுத்து விடலாம் என்று நினைத்தேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் நினைப்போம்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் வேலை தொடங்கியது. கரையில் மணல்மேல் ஏற்றி வைத்த படகுக்குள் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எனக்கும் காட்டினார்கள். படகின் மூக்கு சரிவாக இருந்ததால், மோட்டார் உட்கார மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி வைத்து, கீழிருந்து போல்ட் முடுக்க வேண்டியிருந்தது. வாப்பாவின் கால்கள் மட்டும் கேபினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“ஏலே இருளாண்டி, போல்ட்டு சுத்துது பாரு. மேலேர்ந்து அழுத்திப் புடிலே.”

“புடிச்சுத்தான் இருக்கேன் பாய். நீங்க திருகுற திருகுல போட்டே சுத்துது.”

“பெயிண்டு அடிச்ச கையி, அதான் வழுக்குது.”

“அந்தக் கையிதான் ஒங்க மொதலாளி போட்டயெல்லாம் பளபளன்னு வச்சுச்சு. நீங்க மாட்டுன போல்ட்ட எவன் பாத்தான்?”

நான் சிரித்துக்கொண்டிருந்தபோது வாப்பா வெளியே தலையை நீட்டினார். “அஃபீஃபா, கேபிளும் பிரேக்கரும் எங்கம்மா? பெட்டியில காணோம்.”

“அது தனியா வாங்கணுமாம் வாப்பா. இங்க ஸ்டாக் இல்லையாம். வந்ததும் முஸ்அப் கையில குடுத்து விடுறேன்.”

“ஸ்டாக் இல்லையா? ஷார்ஜாவுலயா?” என்றார். “சரி, வரட்டும். அது இல்லாம தண்ணியில எறக்குறதாயில்ல.”

பால் பவுடருக்காக அதை எடுத்து வைத்தேன் என்று பிரேக்கர் பாயிடம் எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலமே பொட்டலத்தை முஸ்அப்பிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் போவதாகச் சொன்னான். அந்த வாரம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு வாரம்.

மூன்று வாரம் பொறுத்தார் வாப்பா. இரண்டு வாரத்துக்கு முன்பு ஒருநாள் வீடியோ அழைப்பு. கடலுக்கு நடுவில் நின்றிருந்தார்.

“பாரு புள்ள. அங்கன பள்ளிவாசல் மினாரா தெரியுதா? அதுக்குப் பின்னால டவரு. ரெண்டும் ஒரே நேர்ல இருக்கா? அரை மணி நேரமா அப்படியே இருக்கு. காத்து அடிக்குது, போட்டு நிக்குது. நிக்குதுல்ல?”

“நிக்குது வாப்பா.”

“நின்னா போதுமா, கரைய மிதிச்சே ரொம்ப நேரமாச்சு,” என்று பின்னாலிருந்து இருளாண்டி மாமாவின் குரல் கேட்டது.

வாப்பா மினாராவையும் டவரையுமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாட்டிய ஒன்று கயிறில்லாமல் நிற்பதை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். அந்தச் சந்தோஷத்தில் பிரேக்கரைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். கேட்கப் பயந்தேன்.

இப்போது பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அன்று போனில் பிடித்து வைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாப்பாவின் காலுக்குப் பின்னால், கேபின் கதவிடுக்கு வழியாக உள்ளே போகிறது ஒரு சிவப்பு ஒயர். கல்யாண வீட்டு மைக்செட்டுக்கு இழுப்பார்களே, அந்த மாதிரி மெல்லிய ஒயர், தடித்த கேபிள் இருக்க வேண்டிய இடத்தில். கேபினுக்குள் படுக்கைக்கு அடியில் இரண்டு பேட்டரி. அந்தக் கடலில் அடி முழுக்கக் கடல்தாழை. புல் மாதிரி நீளமாக வளர்ந்து, விசிறி கிடைத்தால் சுற்றிக்கொள்ளும்.

உம்மாவுக்கு போன் போட்டேன்.

“உம்மா, வாப்பா எங்க?”

“சலாம்கூடச் சொல்லாம என்ன புள்ள அவசரம்? கடல்லதான், வேற எங்க போவாரு. காலையிலயே ரெண்டு பேரும் போயாச்சு.”

“வாப்பா சட்டையில கருகுன வாடை ஏதும் வந்துச்சா?”

“போன வாரம் வந்துச்சு. இருளாண்டி பீடிதான்னு அந்த மனுசன வஞ்சு விட்டேன். பாவம், அது பீடிய விட்டு நாலு வருசமாச்சாம். ஏன் கேக்குற?”

சொன்னேன். எடை, பிளேடு, பொட்டலம், பொய், எல்லாவற்றையும்.

“பால் பவுடருக்காகவா?” என்றார் உம்மா. “ஒரு டின்னு இன்னும் பிரிக்காம அலமாரியில இருக்கு.”

“இருளாண்டி மாமா நம்பர் இருந்தாக் குடுங்க.”

“அது போனு இங்கனதான் கெடக்கு. தண்ணியில விழுந்துரும்னு வச்சுட்டுப் போயிருக்கு.” செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. “நான் கரைக்குப் போயி எவனையாச்சும் போட்ட எடுக்கச் சொல்றேன். நீ அவருக்குப் போட்டுக்கிட்டே இரு. விடாத.”

முதல் மூன்று முறை தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நான்காவது முறை மணி அடித்தது.

வாப்பா போனை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, கேபினில், அந்தப் படுக்கையின் மேல்தான் வைப்பார். அவர் படகின் மூக்கில் நின்றால் மணி கேட்காது. மற்ற நாளிலும் எடுக்காமல்தான் இருந்திருக்கிறார். மணி அடிக்கிறது என்றால் டப்பா உருகவில்லை. டப்பா உருகவில்லை என்றால் கேபினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லி மனதைப் பிடித்து வைத்தேன்.

அவர் எடுத்தால் முதலில் எதைச் சொல்வது என்று வரிசைப்படுத்தினேன். பேட்டரி முனையைக் கழற்றுங்க வாப்பா. பெரிய இஞ்சினப் போட்டுக் கரைக்கு வாங்க. பொட்டலம் என்கிட்டதான் இருக்கு, மொதல்லேர்ந்தே என்கிட்டதான் இருந்துச்சு.

மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினேன். அங்கே, அந்தப் பேட்டரிகளுக்கு மேலே, டப்பாவுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.