மஞ்சள் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஒரு வேண்டுதல்

இரண்டு வருஷத்துக்கு முன், மே மாத வெயிலில், திருப்பதியில் கங்கம்மா அம்மனுக்கு நடக்கும் ஜாத்திரைத் திருவிழாவில் நடந்தது இது.

எங்களுக்கு ஊர், ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி. வீட்டிலேயே பவர்லூம் தறி ஓட்டுகிறோம். என் கணவருக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று பின்னால் கிடந்தாலும் தெரியாமல் நடந்து போய்க்கொண்டிருப்பார். அதற்கு முந்தைய வருஷம் கட்டைவிரலில் ஒரு புண் வந்து, விரலையே எடுக்க வேண்டுமோ என்கிற அளவுக்குப் போய், ஒருவழியாக ஆறியது. அந்தப் பயத்தில் மனுஷன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வேண்டிக்கொண்டுவிட்டார். கால் பிழைத்தால் ஜாத்திரைக்குப் பெண் வேஷம் கட்டி, வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று!

ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கங்கம்மாவைப் பார்க்கப் போவது அங்கே வழக்கம்தான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காலுக்காக வேண்டிக்கொண்டு, அந்தக் காலையே தார் ரோட்டில் வறுத்தெடுப்பதா? டாக்டரோ, வீட்டுக்குள்ளே நடக்கும்போதே செருப்பு போடச் சொல்லியிருக்கிறார்.

“அம்மனுக்குக் குடுத்த வாக்குமே. செருப்பு மாட்டிக்கினு போனா நல்லாவா இருக்கும்?” என்றார்.

சண்டை போட்டு அலுத்து, கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளைப் பருத்தி சாக்ஸை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, மாட்டிவிட்டேன். புடவைக்குக் கீழே பார்த்தால் மஞ்சள் பூசிய பாதம் போலவே இருந்தது. மேலே குங்குமமும் வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

என் கல்யாணப் புடவை, கை நிறைய பச்சைக் கண்ணாடி வளையல், கொலுசு. மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். திருப்பதியில் மேளம் கேட்டதும் கையைத் தட்டி ஆட ஆரம்பித்தாரே, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வழியெல்லாம் வீட்டு வாசலில் நின்று பெண்கள் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், நடப்பவர்களுக்குக் கால் சுடாமல் இருக்க. அதில் ஓர் அம்மா, குடத்துத் தண்ணீரை இவர் பாதத்திலேயே ஊற்றினார். குங்குமம் கரைந்து ஓடியது. நாங்கள் நகரப் போனோம். அந்த அம்மா மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பாதத்தின் ஓரத்தில் மறுபடியும் சிவப்பு ஊறி வந்தது.

“ஆகண்டி, ஆகண்டி! இதி குங்குமம் காதம்மா. குங்குமம்னா கரைஞ்சி போயிருக்கும். இது ரத்தம்!” என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தி எங்களை நிறுத்தினார்.

“எனக்கு வலிக்கவே இல்லியே” என்று இவர் சிரிக்கிறார். வலிக்காததுதானே எங்கள் வியாதியே! எனக்கு உயிர் போய் வந்தது.

அந்த அம்மா வீட்டுப் படியில் உட்காரவைத்து சாக்ஸைக் கழற்றினால், உள்ளங்காலில் பச்சை வளையல் துண்டு ஏறி நிற்கிறது. கையைத் தட்டி ஆடியதில் உடைந்த அவருடைய வளையல்தான்! நான் பிடுங்கப் போனேன். அந்த அம்மா தடுத்து, சுத்தமான துணியைச் சுற்றி, ஆட்டோவில் கூடவே ஏறிக்கொண்டார்.

கிளினிக்கில் நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், புடவையை வைத்து இவரை, “அம்மா, இப்படி உட்காருங்க” என்றார். பிறகு மீசையைப் பார்த்தார். கிளினிக்கே சிரித்தது. டாக்டர் துண்டை எடுத்து, கழுவிக் கட்டுப்போட்டு, ஊசியும் போட்டார். உடனே வந்ததால் பிழைத்தீர்கள், கவனிக்காமல் விட்டிருந்தால் பழைய கதைதான் என்றார். காலை ஊன்றி நடக்கவே கூடாதாம்.

இவர் முகம் தொங்கிவிட்டது. “வேண்டுதல் பாதியிலயே நின்னுபோச்சே…”

“கால் நல்லாருக்கணும்னுதானே அண்ணா வேண்டிக்கினீங்க?” என்றார் அந்த அம்மா. “கால் நல்லாதான கீது! அம்மனே பாதி வழியில எதுர்ல வந்து பாத்துட்டா. இன்னும் எங்க நடக்கப் போறீங்க?”

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கூழ் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அந்தக் காயம் நன்றாகவே ஆறிவிட்டது. இப்போது தினமும் சாயங்காலம் தறி நின்றதும் இவர் காலைக் கழுவி, துடைத்து, என் மடியில் வைத்து, விரல் இடுக்கு வரைக்கும் நான் பார்க்கிறேன். “இன்னாமே, ஆசீர்வாதம் பண்ணட்டுமா?” என்று சீண்டுவார். கல்யாணத்தன்றுகூட அவர் காலை நான் இவ்வளவு பக்தியோடு தொட்டதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் குனிந்து பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்த கால் அல்லவா, தொடும்போதெல்லாம் கும்பிடத்தான் தோன்றுகிறது.