விழக் கத்துக் குடுக்கிறவங்க

"அடுத்த கை. இது நகமா, மண்வெட்டியா?"

வரிசையா நிக்கிற பிள்ளைங்க முன்னால முட்டி போட்டு நகர்ந்துக்கிட்டே நகம் வெட்டிட்டு வர்றாங்க நம்ம ஜூடோ மாஸ்டரம்மா. கை முடிஞ்சா கால். கால் முடிஞ்சா காது. தோடு, வளையம் எது இருந்தாலும் கழட்டிப் பையில போட்டாத்தான் பாய்ல கால் வைக்கலாம். மீசை எட்டிப் பாக்குற பதினாறு வயசுப் பயலுக்கும் இதே கதிதான். ஒருத்தன் கூச்சப்பட்டு, "நானே வெட்டிக்கிறேன் மாஸ்டர்"னான். "நீ வெட்டின லட்சணத்தைத்தான் போன வாரம் இவன் கன்னத்துல பாத்தேனே"ன்னாங்க. பய கையை நீட்டிட்டான்.

கூடத்துல சுவரோரமா பெத்தவங்களுக்குன்னு ஒரு பெஞ்சு. அக்கா பொண்ணைக் கூட்டிட்டு வர்ற நானும் அதுலதான் உக்காருவேன். எங்க பெஞ்சுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. மாஸ்டரம்மாவுக்கு வயசு நாப்பத்தஞ்சு. பகல்ல ஆஸ்பத்திரித் துணி வெளுக்குற எடத்துல வேலை, சாயங்காலம் இங்க. பிள்ளை குட்டி இல்ல. வீட்டுக்காரர் கடிகாரம் ரிப்பேர் பண்றவர், வாய் அரிப்பெடுத்தா எங்க பெஞ்சுக்கு வந்துருவார். அவர் சொன்னதுதான்: ஒரு நாள் அந்தம்மா பாத்ரூம்ல வழுக்கினப்பகூட கையால தரையை 'டப்'புனு ஒரு அடி அடிச்சு, முறைப்படிதான் விழுந்தாங்களாம். "சத்தத்துலேயே தெரிஞ்சுது, அடி படலன்னு. நான் பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு இருந்தேன்"னார் மனுஷன்.

புதுசா சேர்ற பிள்ளைக்கு முதல் ரெண்டு மாசம் விழுறது மட்டும்தான் பாடம். பின்னால விழு, பக்கவாட்டுல விழு, உருண்டு எழு. லாரி ஓட்டுற ஒருத்தர் பொறுமை போயிக் கேட்டார்: "ஏம்மா, எம் பையன் எப்பத்தான் அடுத்தவனைத் தூக்கிப் போடுவான்?"

"உங்க பையன் ரொம்ப அழகா விழுறான்ங்க."

"அதை நான் சொந்தக்காரங்ககிட்ட எந்த வாயால சொல்றது?"

எடை மெஷின் மூலையில தூங்குது. ஜோடி சேக்குறதுக்கு முன்னாடி அக்குள்ல கை குடுத்து ஒவ்வொரு பிள்ளையையும் மாஸ்டரம்மாவே ஒரு தூக்கு தூக்கிப் பாத்துடுவாங்க. "நீ இவனோட ஆடு. நீ வேணாம், ரெண்டு கிலோ ஏறிட்ட." கழுத்தை நெரிக்கிற பிடி, முழங்கையை மடக்குற பிடி எல்லாம் சின்னதுகளுக்குக் கிடையவே கிடையாது. அமுக்கிப் பிடிச்சிருக்கும்போது கீழ இருக்குறவன் போதும்னு ரெண்டு தட்டு தட்டினா, மேல இருக்குறவன் அந்த நொடியே விட்டுடணும். ஒரு பய கொஞ்சம் லேட்டா விட்டான். அன்னிக்குப் பூரா அவனைக் கொண்டாந்து எங்க பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. எங்க பேச்சைக் கேட்டு ஒரு மணி நேரத்துல பயலுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. அதுக்கப்புறம் எதிராளி தட்ட நினைச்சாலே விட்டுடுறான்.

இந்த வருஷப் போட்டியில நடந்ததுதான் இன்னும் பெஞ்சுல ஓடிட்டு இருக்கு. மாஸ்டரம்மாவோட தங்கச்சி மக, பதினாலு வயசு, இங்கதான் கத்துக்கிறா. போட்டியில முதலாவதா வந்தா விளையாட்டு விடுதிப் பள்ளிக்கூடத்துல இடம். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். தங்கச்சி, பொண்ணுக்குன்னு பெட்டி படுக்கை எல்லாம் வாங்கி வச்சிருந்துச்சு.

அரையிறுதியில பொண்ணு ஜெயிச்சா. ஆனா புரண்டு எழுந்ததுல எதிராளியோட முட்டி இவ பின்மண்டையில இடிச்சுது. எழுந்து, வணங்கிட்டு, வந்து உக்காந்தா. பெல்ட்டைக் கழட்டிக் கட்டினா. முடிச்சு வரல. கழட்டினா. மறுபடி சுத்தினா. ஆறு வருஷமா பாக்காமலே போடுற முடிச்சு. நாங்கெல்லாம் கைதட்டிட்டு இருந்தோம். மாஸ்டரம்மா மட்டும் அந்த ரெண்டு கையையே பாத்துட்டு இருந்தாங்க.

"இப்ப உங்கூட ஆடினவ என்ன கலர் போட்டிருந்தா?"

"வெள்ளை, பெரியம்மா."

வெள்ளை இவ போட்டிருந்தது. அவ போட்டிருந்தது நீலம்.

முதலுதவிக்காரர் கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "நல்லாத்தானே இருக்கா"ன்னார். மாஸ்டரம்மா நேரா நடுவர் மேசைக்குப் போயி, இவ இறுதி ஆட்டம் ஆட மாட்டான்னு சொல்லிட்டாங்க. தங்கச்சி தலைதெறிக்க ஓடி வந்துச்சு.

"அக்கா, நாலே நிமிஷம். ஒரே ஒரு ஆட்டம்க்கா."

"தலை என்ன சட்டியாடி, நசுங்கினா தட்டி எடுத்துக்க?"

"உன் வயித்துல பொறந்திருந்தா கைக்கு வந்த இடத்தை இப்படித் தட்டி விட்டிருப்பியா?"

மாஸ்டரம்மா பொண்ணோட பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, அவளைக் கைத்தாங்கலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வழியில பொண்ணு ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. மூளை அதிர்ந்திருக்கு, ஒரு மாசம் பாய் பக்கமே வரக் கூடாதுன்னுட்டார் டாக்டர். விடுதியில இடம் வேற பொண்ணுக்குப் போச்சு.

டாக்டர் சொன்னதைத் தங்கச்சியும் கூட நின்னு கேட்டுச்சு. ஆனா அக்காகிட்டப் பேச்சை நிறுத்திருச்சு. "அவ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. மூஞ்சியைப் பாத்தா அந்த இடம் போனதுதான் ஞாபகம் வருது"ன்னு கடிகாரக்காரர்கிட்ட சொல்லிச்சாம்.

ஒரு மாசம் கழிச்சு, போன செவ்வாய்க்கிழமை, இனி ஆடலாம்னு டாக்டர் குடுத்த சீட்டோட தங்கச்சியே பொண்ணைக் கூட்டிட்டு வந்துச்சு. சீட்டைப் பொண்ணு கையில குடுத்தனுப்பிட்டு, பெஞ்சோட கோடியில பாய்க்கு முதுகைக் காட்டி உக்காந்துச்சு. நாங்க நகர்ந்து எடம் விட்டோம். யாரும் எதுவும் கேக்கல. அதுவே எங்க பெஞ்சுல அதிசயம்.

மாஸ்டரம்மா சீட்டை ரெண்டு தடவை படிச்சாங்க. பொண்ணைப் பாய் நடுவுல உக்கார வச்சு, பக்கத்துல தானும் உக்காந்தாங்க.

"மெதுவா, பின்னால விழு."

பொண்ணு சாஞ்சா. அவ தலை போற எடத்துக்கு முன்னாடியே மாஸ்டரம்மாவோட உள்ளங்கை போயி, பாய் மேல விரிஞ்சு கெடந்துச்சு.

"கையை எடுங்க பெரியம்மா. எனக்கு விழத் தெரியும்."

தங்கச்சி திரும்பிப் பாத்துச்சு.

"தெரியும்டி. இன்னொரு தடவை விழு"ன்னாங்க மாஸ்டரம்மா. கையை எடுக்கல.