மாதா புலம்பல்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நான் வாத்தியாராக இருந்த ஊரில், பெரிய வெள்ளியன்று இயேசுவின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது மாதா புலம்பல் பாடுவார்கள். செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு தாய் அழுகிற பாட்டு. அதைக் கட்டியவர் அந்தக் கோயிலின் உபதேசியார். பாட்டுப் பழக வந்த பெண்ணைக் கெடுத்தவரும் அவர்தான். அவள் கிணற்றில் விழுந்தாள். ஊர் அவரை விரட்டியது, பாட்டை வைத்துக்கொண்டது. "பாட்டு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார் ஊர்ப் பெரியவர்.

அந்தப் பெண்ணின் தாயைக் கோயிலில்தான் பார்த்தேன். ஒட்டிய கன்னம், எண்ணெய் காணாத நரைமுடி. புலம்பல் தொடங்கியதும் எழுந்து வெளியே போய், செருப்புகள் கிடக்கும் இடத்தில் கோயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். வருஷா வருஷம் இப்படித்தான். எழுபத்திரண்டிலோ மூன்றிலோ ஒருமுறை அருகில் போனேன். அவர் உதடுகள் அசைந்தன. ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டிருந்தார்.

"நீங்களே பாடறீங்களேம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எம் மவளக் கெணத்துலருந்து தூக்கி மடியில போட்டப்ப, வாயில இதுதாங்க சார் வந்துச்சு. எனக்கு வேற மாதிரி அழுவத் தெரியலீங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துணிக்குள்ளும் பாட்டு நிற்கவில்லை.