வாசற்படியில் தேசிக்காய்

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் நானும் கணவரும் ஒரு வாகனத்துக்குள் குடியிருந்தோம். கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற மோட்டார் வீடு. முந்தின வருடம் மெல்பேர்ன் குளிரில் கணவருக்கு நிமோனியா வந்து, மயிரிழையில் தப்பியிருந்தார். இன்னொரு குளிரை அந்த நெஞ்சு தாங்காது, வடக்கே வெயில் பக்கம் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவரோடு கூட வேலை செய்தவர் ஒருவர் வண்டியை இரவலாகத் தந்தார். ஏன் தருகிறார் என்று நான் ஒரு கிழமை, ஏழு நாளும், யோசித்தேன். என் சுபாவம் அப்படி.

வடக்கே, கடலை ஒட்டி, இப்படி வீட்டு வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் கரவன் பார்க் ஒன்றில் நிறுத்தினோம். எங்களுக்கு நேர் எதிரே ஒரு பழைய கரவனில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தனியாக இருந்தார். விடியற்காலையில் தூண்டிலோடு போவார், வருவார், பிறகு கதிரையைப் போட்டுத் தேநீருடன் உட்கார்ந்து எங்கள் கதவையே பார்ப்பார். சிரிப்பும் இல்லை, குட் மோர்னிங்கும் இல்லை. நான் திரையை இழுத்து மூடுவேன். அந்த இடத்தில் நான் நம்பிய ஒரே சீவன், பார்க்கைக் கவனிப்பவர்களின் கந்தோரில் வளர்ந்த கொழுத்த பூனை. எங்கள் வண்டிக்கு அடியில் படுத்து எந்த நேரமும் வாயை நக்கிக்கொண்டிருக்கும்.

ஒரு காலை கதவைத் திறந்தால், படியில் பாதியாக வெட்டிய தேசிக்காய், எலுமிச்சைதான். வெட்டிய பக்கத்தில் சிவப்பாக ஏதோ தடவியிருந்தது.

குங்குமம் தடவிய தேசிக்காயை வாசலில் போட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கையால் தொடாமல் குறட்டால் தூக்கிக் கடலில் எறிந்தேன். மறுநாளும் கிடந்தது. ஒருநாள் விட்டு மறுபடியும்.

"வெள்ளைக்காரனுக்குச் செய்வினை தெரியுமே? உமக்கு விசர்," என்றார் கணவர்.

"நியூ கினிப் பக்கம் போய்ப் படிச்சிருப்பான். உங்களுக்கு என்ன தெரியும்?"

"அப்ப திரும்பிப் போவமா?"

திரும்பினால் மெல்பேர்ன் குளிர் அவரைக் கொன்றுவிடும். இருந்தால் இந்தக் கிழவன். வந்த நாளிலிருந்து குறைந்திருந்த இருமல் அந்தக் கிழமை திரும்பவும் தொடங்கியது. மழையில் நனைந்ததால் வந்தது என்றார் அவர். நான் நம்பவில்லை. அடுத்த நாள் விடியும்போதே எழுந்து திரை இடுக்கால் பார்த்தேன். கிழவர் எங்கள் படியருகே குனிந்து எதையோ வைத்துவிட்டு நழுவினார். என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், இனி என்ன சாட்சி வேண்டும்?

அன்று காலையே கணவரைக் கட்டிலில் உட்காரவைத்து, செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்துத் தலையைச் சுற்றினேன். வெளியே குளிர்காற்று என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்திருந்தேன். எல்லாவற்றையும் அடுப்பில் சூடேறிய தாச்சிக்குள் கொட்டினேன்.

கண்ணூறு, கண் திருஷ்டி, இருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பார்கள். அன்று வந்த நெடியில் எனக்குக் கண் தெரியவில்லை. கணவர் இருமத் தொடங்கினார், பிறகு இருமவும் முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார். எனக்குக் கதவின் கொளுக்கி அகப்படவில்லை. நான் அலறிய அலறலில் யாரோ வெளியிலிருந்து கதவைப் பிய்த்துத் திறந்தார்கள். கிழவர்தான். என் கணவரை அக்குளுக்குள் கைகொடுத்து வெளியே இழுத்துத் தன் கதிரையில் இருத்தி, முதுகைத் தடவி, "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு கணவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது கிழவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "நான் வைக்கிற மீனை நீங்கள் சாப்பிடுவதே இல்லையா?"

"எந்த மீன்?"

அவர் எங்கள் வண்டிக்கு அடியில் பார்த்தார். பூனை கிழிந்த நியூஸ்பேப்பருக்கு நடுவில் மீன் தலையோடு படுத்திருந்தது. மீனுக்குப் பிழிய என்று அவர் கூடச் சுற்றி வைத்த தேசிக்காய் மட்டும், மீன் இரத்தத்துடன், எங்கள் படியில் கிடந்தது. நான் நம்பிய ஒரே சீவன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் முழுதாக விடவில்லை. "அப்படியானால் ஏன் தினமும் எங்கள் கதவையே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தேநீர்க் கோப்பையைத் தேடினார். அது அவர் கரவனுக்குள் இருந்தது போலும்.

"இவர் இருமுவது எனக்குக் கேட்கும். என் மனைவியும் இப்படித்தான் இருமினாள், இந்தக் கரவனில்தான். ஒரு காலை அவள் எழும்பவில்லை," என்றார். "இவர் வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்."

அடுத்த நாள் விடியற்காலை நான் படியில் உட்கார்ந்து காத்திருந்து, மீனை அவர் கையிலிருந்தே வாங்கினேன். பிறகு உள்ளே போய்க் கணவரை எழுப்பினேன்.

"எழும்புங்கோ. வெளியிலை வந்து நில்லுங்கோ, அந்த மனுசன் தேத்தண்ணி குடிக்கட்டும்."