சின்னம்மாவுக்கான பக்கம்

என் அத்தாவின் தம்பியான சின்னத்தா குவைத்துக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் இரண்டு அறைகளுக்குள் ஒன்பது பேர் இருந்தோம். சின்னத்தாவுக்கு எழுத வராது, பேசித்தான் அனுப்புவார். லீவில் வருகிற யாராவது கேசட்டைக் கொண்டு வருவார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்போம். பிறகு அதே கேசட்டின் மேல் நாங்கள் பேசிப் பதிந்து, கொண்டு வந்தவர் திரும்பிப் போகும்போது அவரிடமே கொடுத்துவிடுவோம். சின்னத்தாவின் குரலை அழித்துக்கொண்டுதான் எங்கள் குரல் போகும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. புதுக் கேசட் வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

அந்த முறை முதல் பக்கம் முடிகிற இடத்தில் சின்னத்தா இருமிவிட்டு, "மறுபக்கம் அவளுக்கு" என்றார். அத்தா சட்டென்று நிறுத்தினார். அத்தாவின் தங்கை சிரித்தாள். "நம்ம கேக்கக்கூடாதது அதுல என்ன இருக்காம்?" சின்னத்தாவின் மனைவியான சின்னம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் பேசிப் பதிய வேண்டும். இரண்டு பக்கமும் அழிந்துவிடும். அதற்குள் அவள் தன் பக்கத்தைக் கேட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் தனியாக உட்கார ஓர் இடம் கிடையாது. டேப்ரிக்கார்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகலாம் என்றால், செல் போடுகிற இடம் துருவேறி எப்போதோ செத்துவிட்டது.

மிச்சமிருந்தது மாமாவின் டாக்சி. உம்மாவின் தம்பியான அவர் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிகரெட் பற்றவைக்கிற பித்தளைக் குழி ஒன்று உண்டு. பற்றவைக்கும் குமிழ் தொலைந்து வெறும் குழி மட்டும் இருந்தது. டேப்ரிக்கார்டரைக் கார் பேட்டரியில் ஓட்டுவதற்கென்று குவைத்திலிருந்து வந்த ஒயர் அதில் கச்சிதமாகப் பொருந்தும்.

மறுநாள் மதியம் மாமா வண்டியைச் சுக்குக் குடோன் நிழலில் நிறுத்தினார். மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டேப்ரிக்கார்டரை முந்தானைக்குள் மறைத்தபடி சின்னம்மா வந்தாள். துணைக்கு நான், எனக்கு எட்டு வயது. ஒயரைச் செருகிப் பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லை.

மாமா ஒயரைத் திருகிப் பார்த்தார், எடுத்துத் துடைத்துச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. "அண்ணே, இதுதான் கெட்டுப் போச்சா?" என்று சின்னம்மா டேப்ரிக்கார்டரைத் தடவினாள்.

"வீட்டுல பாடுச்சில்ல? அப்போ கேடு என் வண்டிக்குத்தான்."

ஹெட்லைட் எரிந்தது. ஹாரனை அழுத்தினார், அது ஊமையாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே ஹாரன் இல்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டித் தட்டித்தான் பஜாரில் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது தலையில் அடித்துக்கொண்டார். "ஹாரனுக்கும் இந்தக் குழிக்கும் ஒரே பியூஸு. நான் ஹாரனை மட்டும் திட்டிக்கிட்டு நடந்தேன்."

பியூஸ் உருகியிருந்தது. ஒரு பழைய ஒயர்த் துண்டிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கட்டினார். பளிச்சென்று அதுவும் எரிந்து போனது. "எங்கேயோ கரண்டு இரும்புல தொட்டுக்கிட்டு நிக்குது" என்றார். இழை திரும்பவும் எரிந்தால் இன்னொன்று கட்டுவதில் பிரயோஜனமில்லை. பிற்காலத்தில், ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராக லாரிகளில் கிளீனராகத் திரிந்தபோதுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது.

"தோப்பும்படிக்குக் கொண்டு போனா ஒர்க்ஷாப்புல பாப்பாங்க. ஆனா சாயங்காலமாகும், தங்கச்சி."

"சாயங்காலம் எனக்கு வேண்டாம் அண்ணே" என்றாள் சின்னம்மா.

மாமா பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தீக்குச்சி கிழித்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். சின்னம்மா தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். நெம்பியதும் ஒரு நாலணாக் காசு வந்து அவர் மடியில் விழுந்தது.

"யாருடா இதை இங்கே போட்டது?"

"நேர்ச்சை" என்றேன்.

முந்தின நாள் தர்காவின் நேர்ச்சைப் பெட்டியில் போடச் சொல்லி உம்மா கொடுத்த காசு அது. கூட்டத்தில் பெட்டி எனக்கு எட்டவில்லை. திரும்பி வரும்போது மாமாவின் வண்டியில் அதே மாதிரி உருண்டை வாய், அதே பித்தளை. போட்டதும் உள்ளே சிட்டென்று ஒரு பொறி பறந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று நான் மிகுந்த திருப்தியோடு இருந்தேன்.

"எந்தா? நேர்ச்சையா?" மாமாவின் குரல் குடோன் சுவரில் மோதியது. "என் வண்டி என்ன அவுலியா அடங்கின தர்காவாடா?"

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னான்னு நேந்துக்கிட்டே?"

"சின்னத்தா வரும்போது எனக்கு வாட்ச் கொண்டு வரணும்னு."

"அவரு வந்தாத்தானே வாட்ச். சரியாத்தான் நேந்திருக்கே" என்று என் தலையைத் தடவினாள். அடி விழாமல் தப்பியது அந்தக் கையால்தான்.

புது இழை எரியாமல் நின்றது. ஹாரன் அலறியது, குடோன் கூரையில் இருந்த புறாக்கள் கலைந்தன. அந்த வெயிலில் சின்னம்மா நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் கேசட்டைப் போட்டாள். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம்.

கொஞ்ச நேரம் தலை குனிந்து கேட்டாள். பிறகு அவள் உதடு அசைந்தது. கையை ஆட்டினாள், கோபப்பட்டாள், மூக்கைச் சிந்தினாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள். பதிவு செய்கிற சிவப்புப் பட்டனை அவள் அழுத்தவே இல்லை. நான் கண்ணாடியைத் தட்டப் போனேன்.

"மாமா, சின்னம்மா சும்மா பேசுறா. ஒண்ணும் பதியாது."

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பதிய வேண்டாம். நீ வா, சாயா குடிக்கலாம்."

சாயங்காலம் வீட்டில் ஒவ்வொருவராகப் பேசினோம். நான் வாட்சைப் பற்றி இரண்டு தடவை சொன்னேன். சின்னம்மாவின் முறை வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள், "இங்கே எல்லாருக்கும் சுகம். உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். அத்தோடு எழுந்துவிட்டாள்.

பதியாத இடத்தில் அத்தனையையும் பேசித் தீர்த்துவிட்டாளே, பதிகிற நேரத்தில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லையே என்று எனக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது. அடுத்த முறை சிவப்புப் பட்டன் எதுவென்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.