விண்வெளியில் திக்கிய ஒரு சொல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு போர் நடந்தது. அதன் முக்கியமான கட்டத்தில் நான் சொன்னது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பக்கம் இரண்டு கப்பல்கள் வெடித்துச் சிதறிவிட்டன.

பயப்படாதீர்கள். போர் கம்ப்யூட்டரில்தான். இடம், விண்வெளி. நான் உட்கார்ந்திருந்தது நம் மலேசியாவின் பாடாங் செராயில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பாதி ஆய்ந்து போட்ட காங்கோங் கீரைக்குப் பக்கத்தில்.

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை இதுவரை சொன்னதில்லை... எனக்குத் திக்கும். லேசாக அல்ல, நன்றாகவே திக்கும். க, ப, த — இந்த மூன்றும் எனக்கு ஜென்ம விரோதிகள். நான் குடியிருக்கும் ஊர் பாடாங் செராய். வேலை பார்ப்பது கூலிமில். ஒன்று ப-வில் தொடங்குகிறது, இன்னொன்று க-வில். எங்கே போய் முறையிடுவது?

நல்ல வேளையாக, தொழிற்சாலையில் எனக்கு மைக்ரோஸ்கோப்போடுதான் வேலை. சின்னச் சின்ன பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைக்ரோஸ்கோப் கேள்வி கேட்காது. வீட்டில் போன் அடித்தால் எடுப்பது என் கணவர் முனியாண்டி. யாராவது மேடைக்கு அழைத்தால், அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அவரே சொல்லிவிடுவார். எழுத்தில் மட்டும்தான் நான் வாயாடி.

என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவள் தேவி, முனியாண்டியின் தங்கை. கோத்தா கோலா மூடாவில் இருக்கிறாள். மீனை மொத்தமாக வாங்கிச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடும் வியாபாரம். அந்த ஊர் மீன் சந்தையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏலத்தில் யாரும் கத்துவதில்லை. விற்பவரின் காதோடு காதாகப் போய் விலையைச் சொல்ல வேண்டும். அங்கே கிசுகிசுத்துவிட்டு வரும் தேவிக்கு, ஹெட்போனை மாட்டினால் குரலே வேறு. அவள் ஒரு கப்பற்படைக்குத் தளபதி.

படையில் பெரும்பாலும் கெடா, பினாங்கு ஆட்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். அவர்களுக்கு ஒற்றர் ஒருவர் தேவைப்பட்டார். சின்னக் கப்பல் ஒன்றில் தூரமாக நின்றுகொண்டு, எதிரி எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிற வேலை. நான் தயங்கியபோது, வாயே திறக்க வேண்டாம், டைப் பண்ணினால் போதும் என்று தேவி சத்தியம் செய்தாள். நாளெல்லாம் கீறல் தேடுகிற கண்ணுக்கு, கறுப்பு வானத்தில் ஒரு புள்ளி நகர்வதா தெரியாமல் போகும்? சரி என்றேன்.

எதிரில் வருவது கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மைக் கப்பல் அல்ல, மனிதர்கள். அந்த வித்தியாசம் முதல் தடவை சுடப்பட்டபோதுதான் புரிந்தது. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் என்னை, குறிப்பாக என்னை, துரத்துகிறார்! கை நடுங்கியது. தப்பிக்கிற பொத்தானை விட்டுவிட்டு வேறு எதையோ அழுத்தினேன். கப்பல் தூள். இந்த விளையாட்டில் போன கப்பல் போனதுதான், திரும்ப வராது.

மன்னித்துக்கொள், கை நடுங்கிவிட்டது என்று டைப் செய்தேன். ஹெட்போனில் தேவி சிரிப்பது கேட்டது.

"அண்ணி, போனா போவட்டும்னு நெனைக்கிற கப்பலத்தான் சண்டைக்கு எடுத்துட்டு வரணும். கை நடுங்குறது எல்லாருக்கும் இருக்கு லா. எனக்குந்தான்."

உடம்பு நம் பேச்சைக் கேட்காமல் போவதைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகப் பேச முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். எங்கே நின்றால் கண்ணில் படமாட்டோம், எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடவே கூடாது... படைப் போரின் சூத்திரம் என்னவோ எளிதுதான். எதிரிப் படையில் பழுது பார்க்கும் கப்பல்கள் சில இருக்கும். நாம் ஆளுக்கு ஒன்றைச் சுட்டால், அடிபட்டதையெல்லாம் அவை உடனுக்குடன் சரிசெய்துவிடும். எத்தனை நேரம் சுட்டாலும் ஒன்றும் உடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கப்பலைச் சுட வேண்டும். அதற்கு, 'இதைச் சுடு' என்று பெயர் சொல்ல ஒரு குரல் வேண்டும்.

குரல். டைப்பிங் அல்ல.

ஒரு தோல்வியில் அது தெரிந்தது. எதிரிகள் பக்கவாட்டில் வருகிறார்கள் என்று டைப் செய்தேன். மறுபடியும் டைப் செய்தேன். சண்டை மும்முரத்தில் யார் படிப்பார்கள்? படையில் பாதி காலி. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. இனிமேல் மைக்கில் சொல்லிவிடுங்கள் அண்ணி என்று மட்டும் தேவி சொன்னாள். அதோடு நான் விளையாடப் போவதை நிறுத்திவிட்டேன். கேட்டதற்கு, ஷிப்ட் மாறிவிட்டது என்று பதில் அனுப்பினேன்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் பை நிறையக் கெம்போங் மீனோடு தேவி பாடாங் செராய்க்கே வந்துவிட்டாள். முனியாண்டி மீனைக் கழுவ எடுத்துக்கொண்டு போனதும் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஷிப்ட்டெல்லாம் சும்மா. மைக்குக்குப் பயந்துகிட்டுதான வரல?"

தலையாட்டினேன். சண்டையில் ஒரு வினாடி எவ்வளவு பெரிது, நான் ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் படையே அழிந்துவிடும் என்று, திக்கித் திக்கித்தான் சொன்னேன். தேவி ஜன்னலைப் பார்க்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேட்டா வந்தாலும் சரியான சேதி வேணும் அண்ணி. தப்பான சேதிய வெரசா சொல்றதுக்கு எங்கிட்ட நெறைய பேரு இருக்காங்க."

திரும்பப் போனேன். முதல் நாளே விபத்து!

எங்கள் படையில் வேலு என்று ஒரு தம்பி. கூலிமில் இன்னொரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தங்கமான மனசு, ஓயாத வாய். அன்றைக்கு எதிரிகள் எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பாறைக் கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டு மைக்கை அழுத்தினேன். "ப... ப..." என்று நின்றுவிட்டது. வேலுவுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலயா அக்கா என்று அவனே கேட்டு, பின்னால் வருகிறார்களாம் திரும்புங்கள் என்று அவனே அறிவித்தும் விட்டான். நான் சொல்ல வந்தது 'பக்கத்துல'. படை பின்னால் திரும்பியது. பக்கத்தில் இருந்தவர்கள் சாவகாசமாக வந்து அடித்தார்கள். போன கப்பல்களில் வேலுவுடையதும் ஒன்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேவி பேசியது வேலுவிடம்.

"தம்பி, அக்கா வார்த்தய அக்காதான் முடிக்கணும். ஒனக்குத் தெரியாதத நீ முடிக்காத."

அன்று முதல் படையில் ஒரு விதி. யார் மைக்கை அழுத்தினாலும் எல்லோர் திரையிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். ஒற்றரின் விளக்கு எரிந்தால், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். திக்குகிறவர்களின் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பதை எல்லோரும் உதவி என்றுதான் நினைக்கிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். முனியாண்டியும் அப்படித்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், பெயிண்ட் கடையில் "ப... ப..." என்று நான் நிற்க, பிங்க்தானே என்று கேட்டார். நான் தலையை ஆட்டி மறுப்பதற்குள் கடைக்காரர் கலக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு வேண்டியிருந்தது பச்சை. இன்றைக்கும் எங்கள் வீடு பிங்க்தான். வந்து பார்க்கிறவர்கள் அது என் ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விளையாட்டில் அடுத்தவர் வாக்கியத்தைத் தப்பாக முடித்தால் கப்பல் வெடிக்கிறது. உடனே தெரிந்துவிடுகிறது. வாழ்க்கையில் எதுவும் வெடிப்பதில்லை... பிங்க் சுவருக்குள் பேசாமல் குடித்தனம் நடத்துகிறோம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் படைக்கு விண்வெளியில் ஒரு நிலையம் உண்டு. எல்லோரும் சேர்ந்து மாதக்கணக்காகத் தாது வெட்டிக் கட்டியது. எங்களைவிடப் பெரிய கூட்டம் ஒன்று அதை உடைக்க வந்தது. நிலையம் போனால் உள்ளே வைத்திருப்பதெல்லாம் போகும். அதன்பிறகு இந்தப் படையும் மெல்லக் கலைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தேவி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். எல்லோரும் சேர்ந்து சுட்டார்கள். எதிரியின் பழுது பார்க்கும் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. சமாளித்துவிடுவோம் என்று தோன்றிய நேரத்தில் தேவியின் குரல் அறுந்தது. கோத்தா கோலா மூடாவில் இடி மழை, கரண்ட் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நொடியே குழப்பம். ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள், ஆளுக்கு ஒன்றைச் சுட்டார்கள். எதிரியின் ஒரு கப்பல்கூட உடையவில்லை. தூரத்தில் நின்ற எனக்குக் காரணம் தெரிந்தது. பெரிய கப்பல்களுக்குப் பின்னால், சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல ஒன்று மிதந்துகொண்டிருந்தது. பழுது பார்க்கும் கப்பல். அது ஒன்றுதான் மிச்சம், அதுதான் மற்றவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், கோப்ரா.

உலகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது!

மைக்கை அழுத்தினேன். "க்..."

என் விளக்கு எரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குரலாக அடங்கியது.

"க்... க்..." எங்கள் கப்பல் ஒன்று வெடித்தது. யாரும் பேசவில்லை. இன்னொன்று வெடித்தது. அது வேலுவுடையது. அவன் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரியவில்லை. அத்தனை பேர் எனக்காக ஒன்றாகக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவசரம் எல்லோருக்கும் இருந்தது, ஆனாலும் யாரும் என் சொல்லைப் பிடுங்கவில்லை.

"கோ... கோப்ரா."

அவ்வளவுதான். மிச்சமிருந்த துப்பாக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. கோப்ரா உடைந்தது. அதற்கப்புறம் பெரிய கப்பல்களும் உடையத் தொடங்கின. நான்தான் பெயர்களைச் சொன்னேன். சில பெயர்கள் வழுக்கிக்கொண்டு வந்தன, சிலவற்றுக்குப் படையே நின்று காத்திருந்தது. கடைசியில் எதிரிகள் விட்டுவிட்டுப் போனார்கள். எங்களிலும் நிறையப் பேர் கப்பலை இழந்திருந்தார்கள். நிலையம் நின்றது.

முதலில் பேசியவன் வேலு.

"அக்கா, முடிஞ்சிச்சா? இப்ப நான் பேசலாமா?"

தேவி எப்படியோ கைப்போன் மூலமாகத் திரும்பி வந்து, பெயர்களை யார் சொன்னது என்று கேட்டாள். வேலு சொன்னான். உடனே அவள், வெளியே இன்னும் யாராவது நிற்கிறார்களா, பார்த்துச் சொல்லுங்கள் அண்ணி என்றாள். பாராட்டு இல்லை, அடுத்த வேலைதான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் கரண்டியோடு முனியாண்டி. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ!

சாப்பிடும்போது ஏதோ சொல்லத் தொடங்கி, "த... த..." என்று நின்றேன். வழக்கம்போல அவர் வாய் திறந்தது. தண்ணீரா, தயிரா என்று கேட்கத்தான். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, என்னைப் பார்த்தார். அவருக்குப் பழக்கமில்லாத வேலை. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"தயவுசெஞ்சு... இனிமே எனக்கு போன் வந்தா எங்கிட்டயே குடுங்க."

தண்ணீரும் இல்லை, தயிரும் இல்லை. அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை. மாணவர்களிடம் எழுதுவதைப் பற்றிப் பேச வரமுடியுமா என்று கேட்டார். முனியாண்டி போனை என்னிடம் நீட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வருகிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்வதற்குள் அந்த அம்மாள் பாவம், லைன் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திக்குவது போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

பத்து நிமிடம் பேசினால் போதும் என்றார் தலைமையாசிரியை. நான் அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன் — பேச்சு பத்து நிமிடம்தான், மிச்சம், திக்குவதற்கு.