கண்ணை மூடாத யோகா

கூட்டேரிப்பட்டில் நான் வந்த பேருந்தின் மேல் லாரி மோதியது. கை எலும்பு சேர்ந்த பிறகும் தூக்கம் வரவில்லை. மாத்திரையோடு யோகாவும் செய்யச் சொன்னார் டாக்டர். இது ஒன்றுதான் குறைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டே எங்கள் திண்டிவனத்தில் ஒரு வகுப்புக்குப் போனேன்.

“கண்ணை மூடிக்கங்க” என்றார் ஆசிரியை.

மூடினால் லாரி வந்தது. “என்னால ஆகாது” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அப்ப தொறந்தே வைங்க. நானும் உங்களையே பாத்துக்கினு மூச்சு விடறேன்.”

மாதக்கணக்கில் அப்படித்தான் மூச்சு விட்டோம்.

ஒருநாள் துணிந்து விழுப்புரம் பேருந்தில் ஏறினேன். நடத்துனர் என் இருக்கைக் கம்பியைத் தட்டினார்.

“எழுந்திரும்மா, விழுப்புரம் வந்துடுச்சு.”

கூட்டேரிப்பட்டு எப்போது போனதென்றே எனக்குத் தெரியவில்லை.